கோலும் கயிறும்

திங்கட்கிழமைதோறும் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு, காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் பஸ் மாறி வந்து சேர்கிற ஜனங்களிடையே, ஊன்றுகோலோடும் மூன்று சக்கர வண்டியோடும், தாயின் இடுப்பிலும் தம்பியின் தோளிலும் சாய்ந்தபடி வருகிறவர்களைக் காணாத வாரம் அபூர்வம். அவர்கள் கையிலுள்ள மனுக்களில் பெரும்பாலானவை மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகையைக் கேட்பவை. அடுத்தபடியாக இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைக் கேட்பவை. பிறகு வீட்டுமனைப் பட்டா. இவற்றுக்கெல்லாம் கீழே, மனு எழுதிக் கொடுத்தவர் இடமிருக்கிறதே என்று சேர்த்ததுபோல, கடைசி வரியாக ஒன்று இருக்கும்: பிழைப்புக்கு ஏதாவது ஒரு வேலை. முதல் மூன்றுக்கும் சர்க்காரிடம் படிவம் உண்டு, வரிசை எண் உண்டு, தாமதமானாலும் ஒரு முடிவு உண்டு. கடைசி வரிக்குக் கிடைப்பதோ, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா என்ற எதிர்க்கேள்வி மாத்திரமே.

அந்தக் கடைசி வரியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஆயினும் அதற்கு முன், வேலை கேட்பவர்கள் எத்தனை பேர் என்று அறிந்துகொள்ள முயல்வதுதான் முறை. அம்முயற்சியிலேயே முதல் திகைப்பு நமக்குக் காத்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் உடலிலோ மனத்திலோ குறைபாடு உடையவர்கள் 16 லட்சத்து 42 ஆயிரம் பேர். பத்தாண்டு கழிந்து, மாநிலத்தின் மொத்த ஜனத்தொகை ஏறத்தாழ ஒரு கோடி பெருகி 7 கோடியே 21 லட்சமாகிவிட்ட 2011-இல், இவர்களுடைய தொகை மட்டும் 11 லட்சத்து 80 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. பார்வைக் குறைபாட்டுப் பத்தியைப் பார்த்தால் வியப்பு இன்னும் மிகும்: 9 லட்சத்து 64 ஆயிரமாக இருந்தது 1 லட்சத்து 27 ஆயிரமாகியிருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் சேவை எவ்வளவு மகத்தானதாயினும், பத்து வருஷத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் திறந்தது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். மாறியது கண்ணல்ல, கணக்கு. ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளவரை 2001-இல் சேர்த்துக்கொண்டார்கள், 2011-இல் விட்டுவிட்டார்கள். கேள்வியின் வாசகத்தைச் சற்றே திருத்தியதில், லட்சக்கணக்கான பிரஜைகள் ஓரிரவில் குறைபாடு நீங்கியவர்களாகிவிட்டார்கள்.

இந்த விளையாட்டு இன்று நேற்று தொடங்கியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1872 முதல் 1931 வரை, சித்தம் கலங்கியவர், செவிட்டூமையர், பார்வையற்றவர், குஷ்டரோகி என்று நான்கு வகையாகப் பிரித்து எண்ணினார்கள். 1941-இல் அந்தக் கேள்வியையே கைவிட்டார்கள். சுதந்திர இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-இல் மீண்டும் கேட்டது. முற்றிலும் பார்வையற்றவர், முற்றிலும் முடமானவர், முற்றிலும் ஊமையானவர் என்று மட்டுமே கேட்டதனால் தேசம் முழுவதற்குமாகச் சுமார் 11 லட்சம் பேர்தாம் அகப்பட்டார்கள். 1991-இல் திரும்பவும் மௌனம். 2001-இல் ஐந்து வகை, 2011-இல் எட்டு வகை, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை. 2011 கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 2.21 வீதம், தமிழ்நாட்டில் 1.64 வீதம். உலக சுகாதார ஸ்தாபனமோ உலக ஜனத்தொகையில் 16 வீதம், ஏறத்தாழ 130 கோடி பேர், கணிசமான குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்று மதிப்பிடுகிறது.

உலகத்தாரைக் காட்டிலும் நாம் ஏழு மடங்குக்கும் மேல் ஆரோக்கியசாலிகள் என்று இதனால் மகிழ்ந்துவிட வேண்டாம். "உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியாததன்று. பல நாடுகள் இன்று கேட்கும் விதமே வேறு: கண்ணாடி போட்டுக்கொண்டாலும் பார்ப்பதற்குச் சிரமம் இருக்கிறதா, நடப்பதற்கும் படியேறுவதற்கும் சிரமம் இருக்கிறதா, சிரமம் கொஞ்சமா, அதிகமா, அல்லது முற்றிலும் முடியாதா என்று கேட்கிறார்கள். சிரமத்தைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. ஊனம் என்ற முத்திரையை ஏற்கத்தான் கூசுகிறார்கள். 2018-இல் மத்திய சர்க்கார் நடத்திய மாதிரி ஆய்வில், குறைபாடு உடையவர்களுள் நூற்றுக்கு 29 பேரிடம்கூட அதற்குரிய மருத்துவச் சான்றிதழ் இல்லை என்று தெரியவந்தது. சான்றிதழ் இல்லாதவருக்குச் சலுகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாக விதித்திருக்கிறார்கள். அது எவ்வளவு பேரைக் கண்டுபிடிக்கும் என்பது எப்படிக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

எண்ணுவதில் இவ்வளவு தடுமாற்றம் இருந்தும், இரக்கத்தில் இந்தப் பிரதேசம் யாருக்கும் குறைந்ததன்று. 1867-இல் இராமலிங்க சுவாமிகள் வடலூரில் தரும சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அணையவில்லை. கண்ணில்லாதவரும் காலில்லாதவரும் நோயாளியும் கேள்விமுறையின்றி உண்டு எழுந்துபோகும் இடம் ஒன்றைத் தன்னுள்ளே கொண்டிருப்பது கடலூர் மாவட்டத்துக்குப் பெருமையே. ஆனால் சோறிடுவதற்கு உகந்த மனம், வேலை கொடுக்கும்போது ஏன் தயங்குகிறது என்ற கேள்வியைத்தான் நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். பட்டினி கிடப்பவனின் வயிற்றைக் காண்பவர்கள், அவன் கையைக் காண்பதில்லை.

அந்தக் கையை நம் இலக்கியம் கண்டிருக்கிறது. தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோள்மேல் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட ஊர் ஊராகச் சென்றார்கள் என்றும், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தார் என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். அவர்களை நாம் நினைவில் வைத்திருப்பது அவர்களுடைய தொழிலுக்காக, அனுதாபத்துக்காக அன்று. இதைவிடவும் எனக்குப் பிரியமானது, தில்லை எனப்படும் இதே சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் சேக்கிழார் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் சரித்திரம். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூர்க் குளம் மண்ணேறித் தூர்ந்து குறுகிவருவதைக் கேட்டு, தாமே அதைத் தோண்டப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கோலை நட்டார், கரையில் ஒரு கோலை நட்டார், இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவியபடி இறங்கி மண் வெட்டிக் கூடையில் வாரி, கயிற்றைத் தடவியபடியே ஏறிக் கொட்டினார். அவரைப் பரிகசித்த மாற்றார் செய்த காரியமும் கவனிக்கத்தக்கது: அவர்கள் அவரை அடிக்கவில்லை, மண்வெட்டியையும் கூடையையும் கோலையும் கயிற்றையும்தான் பறித்துக்கொண்டார்கள். கதையின் முடிவில் அடிகளுக்கு இறையருளால் கண் கிடைக்கிறது. பக்தர்களுக்கு அதுவே பிரதானம். கண் கிடைப்பதற்கு முன்னமே அவர் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதும், அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு கோலும் ஒரு கயிறும் மாத்திரமே என்பதும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன.

அந்தக் கோலைத் தண்டியடிகள் தாமே நட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைய சட்டம், அதை நடவேண்டியவர் வேலை கொடுப்பவர் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை 2007-இல் ஏற்றுக்கொண்ட இந்தியா, அதற்கிணங்க 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிர்வாகத்துக்குத் தாங்கமுடியாத பாரமாகாத வரையில் வேலையிலோ இடத்திலோ அவசியமான மாறுதலைச் செய்து தரவேண்டும் என்றும், செய்ய மறுப்பதே பாரபட்சம் என்றும் விதிக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 வீதமாக இருந்த சர்க்கார் வேலை ஒதுக்கீடு இதில் 4 வீதமாயிற்று: பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கு ஒன்று, செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒன்று, கை கால் இயக்கக் குறைபாடும் அதனோடு சேர்த்தெண்ணப்படுபவையும் உடையவர்களுக்கு ஒன்று, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவை உடையவர்களுக்கு ஒன்று. இவற்றைவிட ஜனங்கள் அதிகம் அறியாத விதி இன்னொன்று உண்டு. உத்தியோகத்தில் இருக்கும்போதே ஒருவர் ஊனமடைந்தால், சர்க்கார் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது. பழைய வேலைக்குத் தகுதியில்லையெனில் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லையெனில், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, தனிப் பதவி ஒன்றை ஏற்படுத்தியாவது வைத்திருக்கவேண்டும். விபத்தில் காலிழந்த அரசுப் பஸ் ஓட்டுநரின் மனைவி, இந்த விதி இருப்பதை அறியாமல், கணவரின் வேலை போய்விட்டதென்று எண்ணி வாரிசு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தால், அந்த அறியாமைக்குக் குற்றவாளி அவள் அல்லள்.

சட்டத்தின் வாசகத்துக்கு உயிரூட்டிய வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலேயே எழுந்தது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வு பெற்ற ஒருவருக்கு, நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு இருப்பதாக மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததனால், வேலை மறுக்கப்பட்டது. நிறக்குருடு, சட்டத்திலுள்ள 21 வகைகளில் இல்லை. எனினும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரு பொறியாளரின் வேலை முழுவதும் வண்ணக் கம்பிகளைப் பிரிப்பதிலேயே அடங்கியதன்று என்ற யதார்த்தத்தை ஏற்று, தகுந்த பிரிவில் அவரை அமர்த்தும்படி கட்டளையிட்டது. ஒரு மனிதரால் முடியாத ஒரு காரியத்தைக் காட்டி, அவரால் முடிகிற ஒன்பது காரியங்களையும் மறைத்துவிடக்கூடாது என்பதே அத்தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

இதற்கு நேர்மாறான பழக்கம் உலகெங்கும் இருந்து வந்திருக்கிறது. பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊனமுற்றோருக்கெனத் தனியே ஒதுக்கிவைத்த தொழில்கள் இரண்டு: மின்தூக்கி இயக்குவது, மோட்டார் நிறுத்துமிடத்தில் காவலிருப்பது. யுத்தத்தில் கால் இழந்து திரும்பிய பொறியியல் வல்லுநரையும் எழுத்தறியாதவரையும் அதே மின்தூக்கியில் நிறுத்திவைக்கும் கற்பனை வறட்சியை அந்தத் தேசம் 1995-இல்தான் சட்டப்படி கைவிட்டது. நாம் மட்டும் என்ன செய்தோம்? பார்வையற்றவரென்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர், தொலைபேசி இணைப்புக் கொடுப்பவர், பாட்டு வாத்தியார் என்று மூன்று சட்டைகளைத் தைத்துவைத்துக்கொண்டு, வருகிறவரை அவற்றுக்குள் திணிக்கப் பார்த்தோம். தொலைபேசி இணைப்பகங்கள் மறைந்தபோது ஒரு சட்டை கிழிந்தது. திரையிலுள்ள எழுத்தைக் கணினியே உரக்கப் படித்துக்காட்டும் இக்காலத்தில், வங்கிக் கணக்கையும் சர்க்கார் கோப்பையும் பார்வையற்றவர் தாமே கையாளமுடியும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியிலேயே சேர்ந்துவிட்டார்.

இனி, இந்தச் சட்டம் நம் மாவட்டத்தில் எதுவரை எட்டுகிறது என்று பார்ப்போம். 1956-இல் தோன்றிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவி 2013-இல் தமிழ்நாடு அரசின் பொறுப்புக்கு வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தாலுகா காரியாலயங்கள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் 4 வீதம் கட்டாயம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளுக்கும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. தம் தொழிலாளரில் 5 வீதம் பேரையாவது இவ்வகையினராக அமர்த்தும் தனியாருக்குச் சர்க்கார் ஊக்கம் அளிக்கவேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. ஆயினும் இருபது பேருக்குக் குறையாத ஒவ்வொரு தனியார் நிறுவனமும், எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுத்துக்கொள்ளும், அவர்களுக்கு என்ன சௌகரியம் செய்து தரும் என்பதை எழுதிப் பகிரங்கமாக வெளியிடவேண்டும் என்று விதி இருக்கிறது. தொழிற்சாலை வாயிலில் புகைபிடிக்கக்கூடாது என்ற பலகையைக் காண்பவர்கள், இந்த அறிவிப்பையும் தேடிப்பார்க்கலாம்.

ஆனால் கடலூர் மாவட்டத்து ஜனங்களில் பெரும்பாலோர் இவற்றில் எதிலும் வேலை செய்பவர்கள் அல்லர். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் கிலோ கணக்கில் கூலி வாங்கிக் கொட்டை உடைக்கும் பெண்கள், தேவனாம்பட்டினம் கரையில் வலை செப்பனிடுபவர்கள், புவனகிரி வயல்களில் நாற்று நடுபவர்கள் ஆகியோருக்கு முதலாளியும் நிலையானவர் அல்லர், சட்டமும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. குறைபாடு உடையவர்கள் வேலையின்றிச் சும்மா இருக்கிறார்கள் என்ற பொது அபிப்பிராயமும் தவறு. 2011 கணக்கில் தேசமெங்கும் அவர்களுள் நூற்றுக்கு 36 பேர் ஏதேனும் ஒரு தொழில் செய்பவர்கள். அந்தத் தொழிலாளரில் நூற்றுக்கு 31 பேர் விவசாயக் கூலிகள். உட்கார்ந்து செய்யும் வேலையாதலால் முந்திரி உடைப்பது நடக்க இயலாத பெண்ணுக்கு வாய்த்ததாகத் தோன்றும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களை அரிப்பதும், கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலியில் வேகம் குறைந்த கைக்குக் காசும் குறைவதும் அந்த வாய்ப்போடு சேர்ந்தே வருகின்றன. நூறு நாள் வேலை என்று ஊரார் அழைக்கும் திட்டத்தில், குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற இலகுவான வேலைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு அளித்து, நாலு மணி நேர வேலைக்கு முழுக் கூலி கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. உத்தமமான ஆணை, அதை அமலாக்கக் கோரி மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் அதன்பிறகும் ஆண்டுதோறும் போராட வேண்டியிருந்தது என்பதே அதன் சரித்திரம்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். குறைபாடு உடைய ஆண்களில் நூற்றுக்கு 47 பேர் தொழில் செய்ய, பெண்களில் 23 பேரே செய்கிறார்கள். இதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. வேலைக்குப் போவதற்கு முதலில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏறவேண்டும், வேலையிடத்தில் கழிப்பறை இருக்கவேண்டும், அதன் வாசல் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கவேண்டும். எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து திரும்பும் பெண்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி ஒன்றுதான். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு கொத்தனாரின் சில நாள் கூலியும் சில மூட்டை சிமெண்டும். செவித்திறன் இல்லாத தொழிலாளிக்கு அபாயச் சங்கோடு ஒரு சிவப்பு விளக்கும், மனநோய்க்கு மருந்து உட்கொள்பவருக்குக் காலையில் ஒரு மணி நேரத் தாமதமும், பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்தும் தரப்பட்டால் போதுமானது. பெரும்பாலான கோலும் கயிறும் இவ்வளவு மலிவானவை.

செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் ஆரம்பமான காலந்தொட்டே குறைபாடு உடையவர்களை உற்பத்தி வரிசையில் அமர்த்தி வருகிறது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975-இல் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், இன்று சிகிச்சையும் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் பெரிய ஸ்தாபனம். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஓசூரில் இருப்பது பெருமுதல்; ஆய்க்குடியில் இருந்தது ஒரு மனிதரின் பிடிவாதம். இரண்டும் இல்லாத ஊர்கள்தாம் அதிகம் என்பதனால், விதிவிலக்கான மனிதர்களைக் கொண்டாடுவதில் எனக்கு ஓரளவுக்கு மேல் உற்சாகம் எழுவதில்லை.

இது யாரோ சிலருடைய விவகாரம் என்ற எண்ணமும் வெகு நாள் நிலைக்காது. இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டு, 2014-இல் தேசம் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. போலியோவால் கால் சூம்பிய தலைமுறை மெல்ல முதுமை எய்துகிறது. அவர்களுடைய இடத்துக்கு வருகிறவர்கள், நாற்பது வயதுவரை ஓடியாடித் திரிந்துவிட்டு நீரிழிவால் பாதத்தை இழப்பவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், நெடுஞ்சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள். இவர்களுக்குத் தொழில் தெரியும், அனுபவம் உண்டு, கடனும் உண்டு. தாங்கள் நேற்றுவரை வேலை செய்த அதே கட்டடத்துக்குள் இன்று நுழைய முடியாதது மட்டுமே புதிது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்த இரு மசோதாக்கள், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தன. கிராம ஊராட்சிகளில் மாத்திரம் மாநிலமெங்கும் 12,913 பேர் இவ்வாறு இடம்பெறுவர் என்று அப்போது கணக்கிட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் 680-க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. வேலைப் பட்டியல் தயாராகும் இடமும், எந்தத் தெருவுக்குச் சிமெண்ட் சாலை, எந்தப் பள்ளிக்குச் சாய்தளம் என்று முடிவாகும் இடமும் அந்த ஊராட்சிதான். ஊராட்சி மன்றக் கட்டடங்கள் பலவும் வெள்ளம் புகாதிருக்கும் பொருட்டு உயரமாக எழுப்பப்பட்டவை. ஆதலால் அந்த 680 பேரும் முதல் கூட்டத்துக்கு வரும் நாளில், தீர்மானப் புத்தகத்தில் முதலாவதாக எழுத நேர்வது அநேகமாக வாசற்படிகளைப் பற்றியதாகவே இருக்கும்.